ஒரே அச்சு

தண்டுக்கு இரண்டு வளையம்,
அடியிலிருந்து தாங்க நான்கு.
ஆறும் ஒரே அளவு, ஒரே வலு.
கணக்கு அவ்வளவுதான்.
காந்தம்தான் கிடைக்கவில்லை.

முதலில் சென்றாயன் சவுண்ட் சர்வீஸ்.
மாரியம்மன் பண்டிகையில் காயில் கருகிய ஸ்பீக்கர்
மூலையில் கவிழ்ந்து கிடந்தது.
பின்தட்டைத் தட்டிக் கழற்றப்போய்
கறுப்பு வளையம் இரண்டாகப் போனது.
பாதியோடு பாதியைப் பொருத்திப் பார்த்தேன்.
ஒன்றாக இருந்த அதே இடத்தில்
ஒன்றையொன்று தள்ளின.
"எங்க பங்காளிங்க மாதிரியே இருக்குது"
என்றார் சென்றாயன். காசு வாங்கவில்லை.

பழையபேட்டை ஜாபர் பாய் கடையில்
காந்தம் கிலோ கணக்கு.
தராசுத் தட்டு இரும்பு; வைத்தால் எடுக்க வராது.
நடுவில் பிளாஸ்டிக் டப்பா வைத்து நிறுத்தார்,
டப்பாவின் எடையையும் சேர்த்து.
மைக்ரோவேவ் அடுப்பின் வயிற்றிலிருந்து இரண்டு.
ஒன்றின் ஓரத்தில் சில்லு போயிருந்தது.
தண்டு மிதந்தது,
ஒரு தோள் இறங்கிய ஆள் மாதிரி.

ஹார்டு டிஸ்க்கில் இருப்பது
குட்டி வாழைப்பழ வடிவம். எதற்கும் ஆகாது.
கட்டைவிரலைக் கடித்து ரத்தம் கட்டவைத்தது.
குனிந்தபோது
தாலிச்சரட்டில் கோத்திருந்த மூன்று ஊக்கும்
அதை நோக்கி நிமிர்ந்தன.
தங்கம் கண்டுகொள்ளவே இல்லை.

எதற்கு இதெல்லாம் என்று
வீட்டுக்காரர் கேட்டதில்லை.
ஏடிஎம் கார்டு செத்துப்போன அன்று கேட்டார்.
சொன்னேன்:
சீசனில் மாதம் பதினெட்டு பேரிங் மாற்றுகிறேன்.
சோறு பிசையும் விரலிலும் கிரீஸ் வாடை.
தொடாமல் சுற்றும் ஒன்றை
ஒருமுறை பார்க்கவேண்டும்.
"பார்த்துட்டு?" என்றார்.
அதற்கு நான் யோசித்திருக்கவில்லை.

காவேரிப்பட்டணம் ஆலையில்
கடைசி லோடு நீலம் இறங்கி முடிந்தது.
குழாயில் போகும் மாங்கூழுக்குக் குறுக்கே
காந்தக் கம்பிகள் உண்டு.
ஆறு வருடமாக நான்தான் கழுவுகிறேன்.
ஸ்டேப்ளர் முள், பிளேடு துணுக்கு,
லாரித் தரையின் துரு,
ஒருமுறை யாருடையதோ செருப்பாணி.
அதில் ஒரு கம்பி வெல்டு விட்டுவிட்டது.
ஸ்டோர் திம்மராஜ் ஸ்கிராப் சீட்டை நீட்டி
'எதற்கு' என்ற கட்டத்தைக் காட்டினார்.
'சொந்த உபயோகம்' என்று எழுதினேன்.
அடித்துவிட்டு 'பேரிங்' என்று எழுதினேன்.

வீட்டில் மூடியை அறுத்து நட்டைத் தளர்த்தியதும்
வடக்குக்கு வடக்காக
நெரித்து அடைத்து வைத்திருந்த வளையங்கள்
பொரி மாதிரி வெடித்தன.
இரண்டு பீரோவில், ஒன்று ஜன்னல் கம்பியில்.
தேடிப்பிடித்து எண்ணினால் பதினொன்று.
பதினொன்றும் ஒரே அச்சு.
தினம் சோப்பு போட்டுக் கழுவிய கம்பிக்குள்
இருந்திருக்கின்றன, மடச்சி, ஆறு வருடமாக.

பர்கூர் கல்பட்டறையின் வெட்டுத்துண்டு ஒன்று,
கறுப்பு கிரானைட், மட்டம் பிடித்து வைத்தேன்.
தண்டுக்குப் பென்சில்.
நடுவில், கனத்துக்கு, பழைய சிடி:
மகளின் மூன்றாம் வகுப்பு ஆண்டுவிழா.
நான்கு ராத்திரி.
மேல்கீழ் சரியானால் நீளவாட்டில் ஓடிவிடுகிறது.
எங்கேயும் தொடாமல் நிற்பேன் என்கிற காந்தம்
இல்லையாம், இருக்கவும் முடியாதாம்.
முகம்பார்க்கும் கண்ணாடியின் உடைசல் ஒன்றைப்
பென்சில் முனைக்கு எதிரே நட்டு
அந்த ஒரு புள்ளியை விட்டுக்கொடுத்தேன்.

சுண்டினேன்.
சத்தமே இல்லை.
அதுதான் முதலில் பயமாக இருந்தது.
பேரிங்கை நான் காதால் பார்ப்பவள்.
சிடியின் வானவில் சுவரில் ஓடி,
பின் நடந்து, பின் ஊசலாடி...
ஏழு நிமிடம் நாற்பது நொடி.
கண்ணாடியில் ஒரு கரிப்பொட்டு.
வீட்டுக்காரர் பால் பொங்கியதைக் கவனிக்கவில்லை.
"இன்னொரு வாட்டி சுத்து" என்றார்.

மறுநாள் ஜாபர் பாய் போன்:
"அக்கா, ஓசூர்ல ஸ்கேன் மிஷின் ஒண்ணு ஒடைக்கிறாங்க.
காந்தமே ஆறு டன் வருமாம்.
வேணுமா?"

மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்குமே,
"ரெண்டும் ஒரே வலுவா?" என்று கேட்டேன்.